ஜனாதிபதி கையில் கொடுத்துச் சுடவைத்த மெக்கானிக்

1863-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18-ந் தேதி. அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டு இருந்தது. தலைநகர் வாஷிங்டனில் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் மாளிகைக்கு ஓர் இளைஞர் வந்தார். வயது 30. சிறிய உருவம். அதிகம் பேசமாட்டார். கையில் துணி உறை போட்ட ஒரு துப்பாக்கி!

யுத்த காலத்தில் துப்பாக்கியும் கையுமாக ஓர் ஆள் ஜனாதிபதியைப் பார்க்கப் போகிறார். இன்று நினைத்துப் பார்க்க முடியுமா? அன்று அவரை யாரும் வழி மறிக்கவில்லை. நேராக லிங்கனின் அறைக்கே அழைத்துப் போனார்கள்.

வந்தவர் பெயர் கிறிஸ்டோபர் ஸ்பென்சர். பட்டு ஆலை ஒன்றில் எந்திரங்களோடு வளர்ந்த மெக்கானிக். தான் உருவாக்கிய துப்பாக்கியை ஜனாதிபதிக்கே சுட்டுக் காட்ட வந்திருந்தார்.

இப்படிக் காட்டுவதற்கும் பரிசளிப்பதற்கும் என்று அந்தக் காலத்தில் செய்யப்பட்ட நெம்புகோல் துப்பாக்கிகளுக்கு இன்று அமெரிக்காவில் பெரும் கிராக்கி. பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். ஆனால் ஸ்பென்சரின் கதை துப்பாக்கியோடு முடியவில்லை. ஆட்டோ லேத்தில் நின்று வேலை பார்த்த தொழிலாளி யாராக இருந்தாலும், அவருக்கும் இந்த மனிதருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அது பின்னால் வரும்.

14 வயதில் ஆலை வேலை

ஸ்பென்சர் 1833-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி கனெக்டிகட் மாநிலத்தில் மான்செஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். இங்கிலாந்தில் உள்ள மான்செஸ்டர் வேறு. இது அமெரிக்க மான்செஸ்டர்.

தாத்தா அமெரிக்க சுதந்திரப் போரில் சண்டை போட்டவர். வீட்டில் சிறு பட்டறை வைத்திருந்தார். பேரனுக்கு அந்தப் பட்டறைதான் பள்ளிக்கூடம். தாத்தாவின் பழைய நீளத் துப்பாக்கியை எடுத்து, அதன் குழலை அறுத்துக் குட்டையாக்கியபோது பையனுக்கு வயது 12 என்பார்கள்.

14 வயதில், உள்ளூரில் செனி சகோதரர்கள் நடத்திய பட்டு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஊர் ஊராகப் போனார். ராச்செஸ்டர் நகரில் ரெயில் என்ஜின் பழுது பார்த்தார். ஹார்ட்போர்டு நகரில் கோல்ட் கைத்துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். போன இடத்தில் எல்லாம் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு, மறுபடி செனி ஆலைக்கே திரும்பினார். பட்டு நூல் சுற்றும் எந்திரம் ஒன்றைத் தானே உருவாக்கினார். முதலாளிகளுக்கு அவர் மீது நம்பிக்கை வந்தது.

பகலில் ஆலை வேலை. மற்ற நேரம் எல்லாம் துப்பாக்கிதான்.

அந்தக் காலத்துச் சிப்பாயின் துப்பாக்கியில் ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான் போட முடியும். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டவேண்டும். குண்டைப் போடவேண்டும். கம்பியால் இடிக்கவேண்டும். பிறகுதான் சுடவேண்டும். நன்றாகப் பழகிய ஆள் நிமிடத்துக்கு 3 தடவை சுடுவான். இவ்வளவையும் பெரும்பாலும் நின்றுகொண்டே செய்யவேண்டும். எதிரியின் குண்டு அதற்காகக் காத்திருக்குமா?

ஸ்பென்சரின் துப்பாக்கியில், தோளில் அழுத்தும் மரக்கட்டைக்குள் ஒரு குழாய் இருந்தது. அதில் 7 தோட்டாக்கள். ஒவ்வொன்றும் செம்பு உறைக்குள் மருந்தும் குண்டும் சேர்ந்தது. விசையைச் சுற்றியுள்ள வளையமே நெம்புகோல். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெற்று உறை வெளியே விழும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் போய் உட்காரும். கட்டைவிரலால் சுத்தியை இழுத்துவிட்டுச் சுடவேண்டியதுதான். படுத்துக்கொண்டும் சுடலாம், குதிரை மீது இருந்தும் சுடலாம்.

1860-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி இதற்கு பேடண்ட் கிடைத்தது. செனி சகோதரர்கள் உரிமையை 5 ஆயிரம் டாலருக்கு வாங்கினார்கள். விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஸ்பென்சருக்கு 1 டாலர் என்று பேச்சு.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தார்கள்

துப்பாக்கி தயார். வாங்குவது யார்?

செனி குடும்பத்தில் ஒருவருக்குக் கடற்படை மந்திரி கிடியன் வெல்ஸ் பழக்கமானவர். அந்த அறிமுகத்தில் 1861-ம் ஆண்டு ஜூன் மாதம் கடற்படையினர் சோதனைக்குச் சம்மதித்தார்கள். 2 நாட்களில் 500 தடவை சுட்டார்கள். ஒரே ஒரு தோட்டா மட்டும் வெடிக்கவில்லை. அதற்கும் துப்பாக்கி காரணம் இல்லை, தோட்டாதான் காரணம். கடற்படை 700 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது.

தரைப்படை அதிகாரிகள் இன்னும் கடுமையாகப் பார்த்தார்கள். மணலில் புதைத்து எடுத்துச் சுட்டார்கள். உப்புத் தண்ணீரில் ஒரு நாள் முழுவதும் போட்டுவைத்து, துடைக்காமலே சுட்டார்கள். அப்போதும் வெடித்தது.

ஆனாலும் தரைப்படையின் ஆயுதத் துறைத் தலைவர் ஜெனரல் ரிப்ளி அசையவில்லை. துப்பாக்கி கனம், விலை அதிகம், இதற்கென்று தனித் தோட்டா வேண்டும் என்றார். சிப்பாய்கள் தோட்டாவை வீணடிப்பார்கள் என்ற எண்ணமும் இருந்தது. ரிப்ளியை முட்டாள் என்று எழுதியவர்கள் உண்டு. அது நியாயம் அல்ல. ஒரே சமயத்தில் பல லட்சம் பேருக்கு ஆயுதமும் மருந்தும் அனுப்பவேண்டியவர் அவர். வகை வகையாகத் துப்பாக்கி சேர்ந்தால், எந்த முகாமுக்கு எந்தத் தோட்டா என்ற குழப்பம் வரும். ஸ்டோரில் வேலை பார்த்தவர்களுக்கு அவர் கஷ்டம் புரியும். ஆனால் போர்முனையில் நிற்பவனின் கஷ்டம் வேறு.

1861-ம் ஆண்டு டிசம்பர் கடைசியில் தரைப்படையின் ஆர்டரும் வந்தது. ஆயிரக்கணக்கில் துப்பாக்கி வேண்டும். தொழிற்சாலையே இல்லை! பாஸ்டன் நகரில் சிக்கரிங் பியானோ கம்பெனியின் கட்டிடத்தில் இடம் பிடித்து, எந்திரங்களைப் பூட்டினார்கள். தரைப்படைக்கு முதல் சரக்கு போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது.

3 மாதச் சம்பளத்தில் துப்பாக்கி

சரக்கு வந்ததும் ஸ்பென்சர் மாதிரித் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு ராணுவ முகாம்களுக்குப் புறப்பட்டார். தளபதிகள் முன்னால் சுட்டுக் காட்டினார். கழற்றிக் காட்டினார், பூட்டிக் காட்டினார்.

டென்னசி மாநிலத்தில் மர்பிரீஸ்பரோ முகாமில் கர்னல் ஜான் வைல்டர் என்பவர் இருந்தார். யுத்தத்துக்கு முன் இரும்பு வார்ப்புப் பட்டறை நடத்தியவர். எந்திரத்தைப் பார்த்தாலே தரம் தெரியும். தன் படைக்கு இந்தத் துப்பாக்கிதான் வேண்டும் என்று தீர்மானித்தார். அரசாங்கம் கொடுக்கத் தாமதம் ஆகும் என்று தெரிந்ததும், சொந்தப் பொறுப்பில் பாங்கியில் கடன் ஏற்பாடு செய்தார். சிப்பாய்கள் ஒவ்வொருவரும் 35 டாலருக்குக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் அப்போது 13 டாலர்! கிட்டத்தட்ட 3 மாதச் சம்பளம். சர்க்காருக்காகச் சண்டை போடப் போகிறவன், சொந்தக் காசில் ஆயுதம் வாங்கச் சம்மதித்தான் என்றால், ஸ்பென்சர் எப்படிக் காட்டியிருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் அந்தச் செலவை அரசாங்கமே ஏற்றது.

1863-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி ஹூவர்ஸ் கேப் என்ற மலைக் கணவாயில் வைல்டர் படை தன்னைவிடப் பெரிய படையைத் தடுத்து நிறுத்தியது. சில நாட்கள் கழித்து நடந்த கெட்டிஸ்பர்க் யுத்தத்தில் மிச்சிகன் குதிரைப்படையினர் சிலர் கையிலும் ஸ்பென்சர் துப்பாக்கி இருந்தது.

லிங்கன் சுட்டார்

இவ்வளவுக்குப் பிறகும் ஜனாதிபதியைப் பார்க்கவேண்டிய அவசியம் ஏன் வந்தது? லிங்கன் கைக்கு அதற்கு முன்பே ஸ்பென்சர் துப்பாக்கி போய்ச் சேர்ந்திருந்தது. அது சரியாக வேலை செய்யாமல் மக்கர் பண்ணிவிட்டது. கம்பெனிக்காரர்கள் பதறிப் போனார்கள். உருவாக்கியவரையே அனுப்பினார்கள்.

லிங்கன் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். கிராமத்தில் வளர்ந்தவர், துப்பாக்கி புதிது அல்ல. பிரித்துக் காட்டச் சொன்னார். ஸ்பென்சர் ஸ்குரூ டிரைவரை எடுத்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வைத்தார். மறுநாள் 2 மணிக்கு வரும்படியும், சுட்டுப் பார்க்கலாம் என்றும் ஜனாதிபதி சொல்லி அனுப்பினார்.

மறுநாள் லிங்கன், மகன் ராபர்ட், கடற்படை இலாகாவைச் சேர்ந்த ஒருவர், ஸ்பென்சர் ஆகியோர் நடந்தே மைதானத்துக்குப் போனார்கள். பாதி கட்டி நின்றுபோயிருந்த வாஷிங்டன் நினைவுத் தூண் பக்கத்தில் அந்த இடம். யுத்த மந்திரி ஸ்டாண்டனையும் அழைத்துவர லிங்கன் மகனை அனுப்பினார். வேலை இருக்கிறது, வர முடியாது என்று பதில் வந்தது. காத்திருந்த நேரத்தில், தன் கோட்டுப் பை கிழிந்து தொங்குவதை லிங்கன் பார்த்தார். ஓர் ஊசியை எடுத்துக் குத்திக்கொண்டார். நாட்டின் தலைவருக்கு இது அழகா என்று தன்னைத் தானே கேலி செய்துகொண்டார்.

குறி, 3 அடி நீளமும் 6 அங்குல அகலமும் உள்ள ஒரு பலகை. இரண்டு முனையிலும் கறுப்புப் புள்ளி. 40 கெஜ தூரம். லிங்கனின் முதல் குண்டு சில அங்குலம் கீழே பட்டது. அடுத்தது புள்ளியிலேயே பாய்ந்தது. மற்றவையும் பக்கத்தில்தான் பட்டன. பிறகு பலகையைத் திருப்பி வைத்து ஸ்பென்சர் சுட்டார். லிங்கனைவிட நன்றாகவே சுட்டார். அவருடைய துப்பாக்கி ஆயிற்றே! லிங்கனுக்கு வருத்தம் இல்லை. ஸ்பென்சர் வயதில் இளையவர் என்று சொல்லிச் சிரித்தார்.

ஜனாதிபதி சுட்ட பாதியை அறுத்து ஸ்பென்சருக்கு ஞாபகார்த்தமாகக் கொடுத்தார்கள். லிங்கனின் செயலாளர் ஜான் ஹேயும் இந்தச் சுடும் பயிற்சியைப் பற்றித் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

அடுத்த மாதமே ஜெனரல் ரிப்ளி ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்டார். ஸ்பென்சர் துப்பாக்கிக்கு ஆர்டர்கள் குவிந்தன. யுத்தம் முடிவதற்குள் அரசாங்கம் பல்லாயிரக்கணக்கில் வாங்கிவிட்டது. பெரும்பாலும் குதிரைப்படைக்கான குட்டைத் துப்பாக்கிகள்.

இந்த வரலாற்றில் ஒரு கொடுமையும் உண்டு. 1865-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் லிங்கனைக் கொலை செய்த ஜான் வில்க்ஸ் பூத், பிடிபடாமல் ஓடி ஒளிந்தபோது கையில் வைத்திருந்தது ஒரு ஸ்பென்சர் துப்பாக்கி. லிங்கனைச் சுட்டது அது அல்ல. அது வேறு ஒரு சிறு கைத்துப்பாக்கி.

தன் சரக்கே தனக்குப் போட்டி

யுத்தம் முடிந்தது. வீடு திரும்பும் சிப்பாய் விரும்பினால் தன் ஆயுதத்தை எடுத்துப் போகலாம் என்று 1865-ல் உத்தரவு வந்தது. விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். பழைய நீளத் துப்பாக்கிக்கு 6 டாலர். ஸ்பென்சர் குட்டைத் துப்பாக்கிக்கு 10 டாலர்.

10 டாலருக்கு நல்ல துப்பாக்கி கிடைக்கும்போது, கம்பெனி விலை கொடுத்துப் புதிது வாங்குவது யார்? அரசாங்கக் கிடங்குகளிலும் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. நன்றாக விற்ற சரக்கே கம்பெனியின் கழுத்தை நெரித்தது. சில வருஷங்களில் கம்பெனி மூடப்பட்டு, போட்டியாளரான வின்செஸ்டர் கம்பெனியின் கைக்குப் போனது. வின்செஸ்டர் அதை வாங்கியது துப்பாக்கி செய்ய அல்ல. போட்டி ஒழிந்தால் போதும் என்றுதான்.

மாதிரித் துப்பாக்கி வேட்டை

சிப்பாய்கள் சுமந்த ஸ்பென்சர் துப்பாக்கிகள் இன்றும் நிறைய இருக்கின்றன. சேகரிப்பவர்கள் கண் வைப்பது அவற்றின் மேல் மட்டும் அல்ல. தொழிற்சாலை வருவதற்கு முன் கைவேலையாகச் செய்து, அதிகாரிகளிடம் காட்ட எடுத்துப்போன துப்பாக்கிகள் மிகச் சில. பெரிய மனிதர்களுக்குக் கொடுப்பதற்காகச் சித்திர வேலை செய்து அலங்கரித்தவையும் சில. இவைதான் அரிய சரக்கு.

ஸ்பென்சர் கம்பெனி மட்டும் இப்படிச் செய்யவில்லை. அதே காலத்தில் நியூ ஹேவன் நகரில் ஹென்றி என்ற மெக்கானிக்கின் பெயரில் வேறொரு நெம்புகோல் துப்பாக்கி வந்தது. அந்தக் கம்பெனி முதல் துப்பாக்கிகளிலேயே சிலவற்றைத் தங்க முலாம் பூசி, சித்திரம் செதுக்கி, ஆட்சியில் இருந்தவர்களுக்கு அனுப்பியது. 6-ம் எண் துப்பாக்கி லிங்கனுக்குப் போனது. உடம்பெல்லாம் பொன்னிறம், கட்டை ரோஸ்வுட் மரம். அது இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது.

இப்படிப்பட்ட துப்பாக்கியை எப்படி அடையாளம் காண்பது? முதலில் எண்ணைப் பார்ப்பார்கள். சின்ன எண் என்றால் ஆரம்ப காலத்துச் சரக்கு. உலோகத்தின் பழைய நிறம் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தால் விலை ஏறாது, இறங்கும்! பெயர் செதுக்கியிருந்தால் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். பழைய துப்பாக்கியில் ஒரு தளபதி பெயரை இன்றும் செதுக்கிவிடலாமே.

கடைசியில் கேட்பது காகிதம்தான். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, பிறகு யார் யார் கையில் இருந்தது? கடிதமோ பதிவோ வேண்டும். சில துப்பாக்கிகளின் எண்களும் அவை போன படைப்பிரிவுகளும் வாஷிங்டனில் உள்ள பழைய ராணுவப் பதிவேடுகளில் இருக்கின்றன. யாரோ ஒரு குமாஸ்தா அன்று ஒழுங்காக எண்ணை எழுதி வைத்தார். அந்த ஒரு வரி இருந்தால் மதிப்பு எங்கேயோ போய்விடும். இல்லாவிட்டால் அது வெறும் வாய்க்கதை.

பேடண்டில் விட்ட பிழை

காகிதம் ஸ்பென்சரையே பழி வாங்கியதுதான் அவர் வாழ்க்கையில் பெரிய சோகம்.

துப்பாக்கிக் கம்பெனி போன பிறகு, பழைய நண்பர் சார்லஸ் பில்லிங்ஸுடன் சேர்ந்து பட்டறை வைத்தார். தையல் மெஷின் பாகங்களைச் செய்தார்கள். அந்த வேலையில்தான் ஸ்பென்சருக்கு ஒரு யோசனை தோன்றியது.

அப்போது திருகாணி செய்யும் லேத்தில் ஓர் ஆள் கூடவே நிற்கவேண்டும். கம்பியைத் தள்ளவேண்டும். ஒவ்வொரு கருவியாக முன்னே கொண்டுவரவேண்டும். கடைசியில் அறுத்து விடவேண்டும். ஒவ்வொரு திருகாணிக்கும் இதே வேலை. ஸ்பென்சர் எந்திரத்துக்கு ஓர் உருளையைப் பூட்டினார். அதன் மேல் உலோகப் பட்டைகளைத் திருகி வைத்தார். உருளை சுற்றும்போது, அந்தப் பட்டைகள் நெம்புகோல்களைத் தள்ளும். எந்தக் கருவி எப்போது வரவேண்டும், எவ்வளவு தூரம் போகவேண்டும், எப்போது பின்வாங்கவேண்டும் என்பதை எல்லாம் பட்டைகளின் சாய்வே முடிவு செய்யும். வேறு திருகாணி வேண்டுமா? பட்டைகளை மாற்றி வைத்தால் போதும். கம்பி ஒரு பக்கம் போகும். திருகாணி மறுபக்கம் கொட்டும். ஓர் ஆள் பல மெஷின்களைக் கவனிக்கலாம்.

அந்த உருளைதான் மெஷினின் மூளை. 1873-ம் ஆண்டு பேடண்ட் கிடைத்தது. ஆனால் மனுவை எழுதிய வக்கீல், மற்றவற்றை எல்லாம் எழுதிவிட்டு, மாற்றிவைக்கக்கூடிய பட்டைகள் கொண்ட அந்த உருளையை உரிமைக் கோரிக்கையில் சேர்க்காமல் விட்டுவிட்டார். அதன் முக்கியத்துவம் அவருக்குப் புரியவில்லை. ஸ்பென்சரும் கவனிக்கவில்லை.

கவனித்தபோது காலம் கடந்துவிட்டது. போட்டியாளர்கள் அதே உருளையைத் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு சல்லிக்காசு கொடுக்கவேண்டியது இல்லை. கடிகாரம், சைக்கிள், மோட்டார் கார் என்று எதை எடுத்தாலும் ஆயிரக்கணக்கில் திருகாணி தேவைப்பட்ட காலம் வந்துகொண்டு இருந்தது. உலகம் முழுவதும் பரவிய ஆட்டோ லேத்துகள் இந்த உருளையின் வம்சம்தான். கம்ப்யூட்டர் மெஷின்கள் வந்த பிறகும் பல பட்டறைகளில் அவை ஓடின. உரிமை மட்டும் பத்திரமாக இருந்திருந்தால் ஸ்பென்சர் பெரும் கோடீசுவரர் ஆகியிருப்பார்.

இந்த மெஷினை வைத்து 1876-ல் ஹார்ட்போர்டு நகரில் கூட்டாளிகளுடன் திருகாணிக் கம்பெனி தொடங்கினார். கம்பெனி நன்றாக வளர்ந்தது. ஆனால் மனிதருக்குத் துப்பாக்கி ஆசை விடவில்லை. பங்கை விட்டு வெளியே வந்து, வின்ட்சர் என்ற ஊரில் புது மாதிரி வேட்டைத் துப்பாக்கிக் கம்பெனி ஆரம்பித்தார். கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துச் சுடும் பம்ப் துப்பாக்கி அது. 1882-ல் பேடண்ட் வாங்கியது. சரக்கு நல்ல சரக்கு. வியாபாரம் ஓடவில்லை. 1890 வாக்கில் கம்பெனி, நியூயார்க்கில் பழைய ராணுவச் சாமான் வியாபாரம் செய்த பானர்மேன் கைக்குப் போய்விட்டது. லாபம் வந்த தொழிலை விட்டுவிட்டு, கைப்பணத்தையும் இதில் இழந்தார். இந்த முறை வக்கீலைக் குறை சொல்ல முடியாது.

88 வயதில்

அவர் உட்கார்ந்து வருந்தவில்லை. மறுபடியும் ஆட்டோ லேத்துக்கே திரும்பி, ஒரே சமயத்தில் பல தண்டுகள் வேலை செய்யும் மெஷினை உருவாக்கினார். வாழ்நாளில் 40-க்கு மேல் பேடண்ட் வாங்கினார். யுத்த காலத்திலேயே நீராவியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்து ஓட்டியவர் அவர்.

கடைசி ஆசை விமானம். மகன் பெர்சிவல் விமானம் ஓட்டக் கற்றவர். தகப்பனாரும் 80 வயதைத் தாண்டிய பிறகு விமானத்தில் ஏறினார். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல, சுமார் 20 தடவை பறந்தார். முன்வாசல் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கியோடு தாத்தா பட்டறையில் விளையாடிய பையன், மேகத்துக்கு மேலே இருந்து ஊரைப் பார்த்தார்.

1922-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி ஸ்பென்சர் காலமானார். அப்போது வயது 88. மகன் பெர்சிவல் பிற்காலத்தில் தண்ணீரிலும் தரையிலும் இறங்கும் சீபீ என்ற விமானத்தை உருவாக்கினார். அவரும் 97 வயது வரை வாழ்ந்தார்.